சாம்பிளுக்கு ஒரு பிள்ளை

“உங்கள் குழந்தை வீட்டில் நடமாடிக்கொண்டிருக்கிறாள்” என்று கைப்பேசி சொன்னபோது, வீட்டில் யாருமே இல்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். பெயின்ட் தொழிற்சாலையின் பரிசோதனை அறையில் பெயின்ட் கரைக்கும் தின்னரின் நெடி மூக்கின் உள்தோலைச் சுரண்டிக்கொண்டிருக்க, மழைக்கு முந்தைய இருட்டு ஜன்னல் கம்பிகளில் வந்து அப்பிக்கொண்டிருக்க, கலவை இயந்திரம் கீழ்த்தளத்தில் குறட்டை விடுவதுபோல் ஓடிக்கொண்டிருக்க, தர ஆய்வாளர் முதல் கவளத்தை வாயருகே கொண்டுபோயிருந்தார். மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். மனைவி ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில், வரவேற்பு மேஜையில் இருந்தாள். வீட்டுச் சாவி இவரிடம் ஒன்று, அவளிடம் ஒன்று. மகளிடம் சாவி கிடையாது. கொடுத்தால் தொலைத்துவிடுவாள் என்று அவளுக்குக் கொடுக்கும் முன்பே தீர்ப்பாகிவிட்டது.

நடமாடுவது யார் என்று திரையைத் தொட்டுப் பார்த்தார். ‘இரண்டாவது குழந்தை. இப்போது சமையலறையில்.’

அவருக்கு இரண்டாவது குழந்தை கிடையாது.

வேறு யாராக இருந்தாலும் கவளம் கை நழுவியிருக்கும். இவர் சிரித்தார். சொன்னேனா இல்லையா என்பதுபோல ஒரு சிரிப்பு. ஒரு குறை கண்ணில் பட்டுவிட்டால் போதும், அன்றைக்கு அவருக்குச் சாப்பாடே வேண்டாம். தொழிற்சாலையில் அவர் காதுபடாமல் அவரை நொட்டையார் என்றுதான் அழைப்பார்கள். எதிலும் நொட்டை, எவரிலும் நொட்டை. கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தலில் நொட்டை, சாவு வீட்டுக்குப் போனால் செத்தவர் படுத்திருக்கும் கோணத்தில் நொட்டை. அவர் காதிலும் அது விழுந்துதான் இருந்தது. முட்டாள்கள் வைத்த பெயர் தனக்குப் பட்டம் என்று எடுத்துக்கொண்டார்.

இந்தச் சாஃப்ட்வேர் விவகாரம் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் ஆரம்பித்தது. யாரோ ஒரு நிபுணர் வந்து, இணையத்தில் பிள்ளைகளைப் பிடிக்கக் காத்திருக்கும் கயவர்களைப் பற்றிப் படம் போட்டுக் காட்டிவிட்டுப் போனார். அவ்வளவுதான். பெற்றோர் கூட்டம் ஆட்டு மந்தையாக ஓடியது. ஆளுக்கொரு கண்காணிப்புச் சாஃப்ட்வேரை வாங்கிப் பிள்ளைகள் போனில் போட்டார்கள். எதை வாங்கினாய் என்று நொட்டையார் கேட்பார், சொன்னதும் “அதுவா?” என்று உதட்டைப் பிதுக்குவார். ஒன்று தளங்களை மட்டும் தடுக்கிறது, பிள்ளைகள் பின்வாசல் வழியாகப் போய்விடும். ஒன்று இருக்கும் இடத்தை மட்டும் காட்டுகிறது. இடம் தெரிந்து என்ன, இருப்பது யாரோடு என்று தெரிய வேண்டாமா? மச்சினன் வாங்கியதைப் பார்த்துவிட்டு, “இதுக்கு நீங்க பிள்ளை கழுத்துல ஒரு மணி கட்டியிருக்கலாம்” என்றார். மச்சினன் அப்புறம் வீட்டுப் பக்கம் வரவில்லை.

மனைவி மட்டும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

“ஏங்க, அவகிட்ட ஒரு வார்த்தை பேசிப் பாருங்களேன். யார்கூட பேசுற, என்ன பாக்குறன்னு கேட்டா சொல்லப்போறா. அதுக்கு எதுக்கு ஒரு சாஃப்ட்வேர்?”

“உனக்கு ஒண்ணும் தெரியாது. நீ சும்மா இரு.”

“எனக்கு ஒண்ணும் தெரியாதுதான். ஆனா அவ உங்களைக் கண்டா ரூமுக்குள்ள ஓடுறாங்கிறது தெரியும்.”

மகளை வீட்டில் வாலு என்று கூப்பிடுவார்கள். பெயருக்கேற்ற பிள்ளை. சைக்கிளில் விழுந்து தாடையில் வாங்கிய தழும்பு, கடித்துக் கடித்துக் குட்டையான நகங்கள், நடுவீட்டில் கிடக்கும் செருப்பு, சுவரை இடிக்கும் சிரிப்பு. சமீபகாலமாக அந்தச் சிரிப்பு மூடிய கதவுக்குப் பின்னால்தான் கேட்டது. அந்தக் கதவு மூடும் சத்தத்தில்தான் நொட்டையாருக்கு முதன்முதலாக அது தட்டியது. பிள்ளை கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறாளோ என்ற பயம். பயம் என்று ஒப்புக்கொண்டால் அவர் நொட்டையார் இல்லையே; பாதுகாப்பு என்று அதற்குப் பெயர் வைத்தார்.

கடைசியில் யாருக்கும் தெரியாத ஒன்றைத் தேடிப் பிடித்தார். கேட்கும், பார்க்கும், படிக்கும், மூச்சின் வேகத்தை வைத்துப் பொய்யைக்கூடக் கண்டுபிடிக்கும் என்றது விளம்பரம். சோதனைக் காலம் முழுக்க இலவசம். காசு கொடுத்துச் சூனியம் வைத்துக்கொள்பவர்கள் உண்டு. இவருக்கு அது ஓசியிலேயே கிடைத்தது.

ஆனால் எடுத்த எடுப்பில் நம்புகிற ஆளா அவர்? தொழிற்சாலையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சாம்பிள் டப்பா உண்டு. துளிக் குறையும் இல்லாத டப்பா. புதிதாகக் கலக்கிய பெயின்டை அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஒத்துப்போனால் கடைக்குப் போகும். ஒரு இழை மாறினாலும், எடுத்துக் கொட்டிவிட வேண்டியதுதான். அந்தப் புத்தியில், மகளின் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சாஃப்ட்வேருக்குள் ஒரு சாம்பிள் பிள்ளையைச் சேர்த்தார். உடைந்த பழைய போன் ஒன்று அதற்குப் போதுமாக இருந்தது. உலகத்தில் வேறு எந்த அப்பனுக்கும் இந்த யோசனை வந்திருக்காது.

பிள்ளையின் புகைப்படம் கேட்டது. இரண்டுக்கும் வாலுவின் படத்தையே கொடுத்தார். உயரம், எடை, பிறந்த நாள், எல்லாம் அதேதான். குரல் கேட்டது. மகளின் மூடிய கதவோரம் போனைப் பிடித்தபடி நின்று, அவள் தோழியோடு பேசிச் சிரித்ததைப் பதிந்து இரண்டுக்கும் கொடுத்தார். எதற்குப் பயப்படுவாள் என்று கேட்டது. ‘அப்பாவுக்கு’ என்று எழுதினார். அதை எழுதும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கடைசியில் குழந்தையின் குறைகள் என்ன என்று கேட்டபோது, வாலுவுக்கு இடம் போதவில்லை. சாம்பிளுக்கு ஒரே சொல்தான்: ‘இல்லை.’

அப்புறம் விதிகளைப் போட்டார். கதவை மூடக் கூடாது. எதிர்த்துப் பேசக் கூடாது. உரக்கச் சிரிக்கக் கூடாது. வாலுவின் போனில் அவளுக்குத் தெரியாமல் சாஃப்ட்வேரை ஏற்றிவிட்டு, ஒன்றும் அறியாதவர்போல் போய்ப் படுத்துக்கொண்டார்.

உடைந்த போன் மறுநாளே சார்ஜ் தீர்ந்து செத்துப்போனது. சாம்பிள் பிள்ளை சாகவில்லை. பள்ளி முடிந்து வந்தாள் என்றது திரை. பாடம் படித்தாள். சீக்கிரம் தூங்கினாள். சாஃப்ட்வேர் கோளாறு என்று நொட்டையார் பூரித்துப்போனார். மச்சினன் வாங்கியதைவிட இது மட்டம் என்று நிரூபித்துவிடலாம் என்ற ஆசையிலேயே அதை நிறுத்தாமல் விட்டுவைத்தார். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுகிற கதைதான்.

இப்போது கவளத்தை டப்பாவிலேயே போட்டுவிட்டுத் திரையைப் பார்த்தார். சமையலறையிலிருந்து, அவளைக் காட்டும் புள்ளி நகர்ந்தது. கூடம். வாலுவின் அறை. அங்கேயே நின்றது. கீழே புதிதாக ஒரு வரி வந்தது. இரண்டாவது குழந்தை இணையத்தில் எதையோ தேடியிருக்கிறாள்.

‘ஒரு கட்டிலில் இரண்டு பேர் படுக்க முடியாவிட்டால் யார் போக வேண்டும்?’

ஜன்னலில் முதல் மழைத்துளி சொட்டென்று அடித்தது. நொட்டையாரின் பிடரி மயிர் ஏனோ சிலிர்த்தது. தின்னர் நெடிதான், வேறொன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சாஃப்ட்வேர்காரர்களின் எண்ணுக்குப் போன் போட்டார். எடுத்தது ஒரு பெண். தேன் தடவிய குரல்.

“ரெண்டு பாப்பாவும் நல்லா இருக்காங்க சார். அதுலயும் ரெண்டாவது பாப்பா தங்கம் சார். ஒரு குறைகூட வரல.”

“காதுல விழுதா இல்லையா உனக்கு? ரெண்டாவதுன்னு யாரும் கிடையாது. சும்மா டெஸ்ட்டுக்குப் போட்டது.”

“போட்டோ குடுத்திருக்கீங்களே சார்.”

“அது மூத்தவளோட... ச்சே! அது என் பொண்ணு போட்டோ!”

“குரலும் குடுத்திருக்கீங்க. பயமும் குடுத்திருக்கீங்க. இனிமே ஆள் இல்லைன்னா எப்படி சார்?”

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். அந்தப் பக்கம் அந்தப் பெண் மூச்சு விடும் சத்தமே கேட்கவில்லை.

“இன்னிக்குச் சாயங்காலத்தோட சோதனைக் காலம் முடியுது சார். அப்புறம் ஒரு வீட்டுக்கு ஒரு பாப்பாதான். குறை இல்லாத பாப்பாவை வச்சுக்குவோம். இன்னொண்ணை எடுத்துருவோம்.”

“எடுத்துருவீங்கன்னா? என்னடி பேசுற நீ?”

“சாம்பிளோட ஒத்துவராததை நீங்க என்ன சார் பண்ணுவீங்க?”

தான் எங்கே வேலை பார்க்கிறோம் என்று அவர் அவளிடம் சொல்லவே இல்லை. இணைப்பு அறுந்தது. மறுபடி அடித்தார். அப்படி ஓர் எண்ணே உபயோகத்தில் இல்லை என்றது.

இரண்டாவது குழந்தையை நீக்கு என்ற பொத்தானை அழுத்தினார். ‘குறையில்லாத குழந்தையை நீக்க முடியாது.’ சரி, விதிகளையாவது அழிப்போம் என்று எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக நீக்கப் பார்த்தார். கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு பதில் வந்தது.

‘இரண்டாவது குழந்தை சம்மதிக்கவில்லை.’

லீவு சொல்லாமல், குடை எடுக்காமல் ஓடினார். மழை பிடித்துக்கொண்டது. பிற்பகலிலேயே தெரு விளக்குகளை ஏற்றிவிட்டார்கள். காருக்குள் உட்கார்ந்து மனைவிக்கு அடித்தார்.

“வாலு எங்க?”

“எங்க இருப்பா, ஸ்கூல்லதான். விட்டதும் வேன்ல வருவா. ஏன் மூச்சு வாங்குது உங்களுக்கு?”

“நீ உடனே வீட்டுக்கு வா.”

“டாக்டர் கத்துவாருங்க. சரி, சொல்லிட்டு வரேன். ஏங்க... அவ வந்ததும் ஆரம்பிச்சிடாதீங்க. நேத்தே புள்ள சாப்பிடாமத்தான் படுத்துச்சு.”

சிக்னலில் நின்றபோது, மகளைப் பற்றி வந்து குவிந்திருந்த அறிவிப்புகளை முதன்முதலாக ஒழுங்காகப் படித்தார். கயவன் ஒருவனும் இல்லை. தோழியோடு சண்டை போட்டிருந்தாள், சமாதானமாகியிருந்தாள். நாய்க்குட்டிப் படங்களாகப் பார்த்துத் தள்ளியிருந்தாள். நேற்று ராத்திரி ஒன்றைத் தேடியிருந்தாள்: ‘அப்பா வண்டி சத்தம் கேட்டால் வயிறு வலிப்பது ஏன்?’ அதற்குக் கீழே சாஃப்ட்வேர் சிவப்பில் எழுதியிருந்தது: குறை.

பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. பச்சை விழுந்ததை அவர் பார்க்கவில்லை. கண் கலங்கியிருந்தது. பிள்ளை மட்டும் கிடைத்துவிட்டால் போதும் என்று நினைத்தார். அவள் கதவை எத்தனை தடவை வேண்டுமானாலும் சாத்திக்கொள்ளட்டும்.

மழையில் வண்டிகள் ஊர்ந்து ஊர்ந்து, வீடு சேரச் சாயங்காலமாகிவிட்டது. அடுக்ககத்தின் லிஃப்டில் முந்தி வந்தவர்களின் ஈரக்குடை வாடை. மேல்தள நடையில் குழல்விளக்கு கண்ணடித்துக்கொண்டிருந்தது. சாவியைப் போட்டுத் திருப்பினார். கதவு சத்தமே போடாமல் திறந்தது. அது எப்போதும் கிறீச்சிடும் கதவு.

வீடு பளிச்சென்று இருந்தது. நடுவீட்டில் செருப்பு இல்லை. நாற்காலியில் துண்டு இல்லை. புதுப் பெயின்ட் டப்பாவைத் திறந்ததும் வருமே, அந்த வாசனை எங்கும் நிறைந்திருந்தது. சோபாவின் நுனியில், முதுகு நிமிர்த்தி, மடியில் புத்தகத்தோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். வாலுவின் கண். வாலுவின் மூக்கு. வாலுவின் உடுப்பு, ஆனால் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

“வாங்கப்பா. நனைஞ்சிட்டீங்களா?”

எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். இரண்டு கையாலும் நீட்டினாள். டம்ளரில் நீர் ஆடவில்லை. நகங்கள் ஒரே அளவில் இருந்தன. தாடையைப் பார்த்தார். வழவழவென்று இருந்தது.

வாழ்நாள் முழுக்கக் குறை தேடிய கண் அது. தேடியது. நெற்றி, காது, முழங்கை, கால்விரல். ஒன்று இருந்துவிடாதா என்று கெஞ்சிக்கொண்டு தேடியது. ஒன்றுமே இல்லை.

“எதுக்குப்பா அப்படிப் பாக்குறீங்க? நான் எதுவும் தப்புப் பண்ணலையே?”

“நீ... யாரு?”

அவள் சிரித்தாள். கதவோரம் நின்று அவர் பதிந்த அதே சிரிப்பு. முதல் மூச்சிலிருந்து கடைசி மூச்சு வரை அதேதான். வாய் மட்டும் அசையவில்லை. சிரிப்பின் நடுவில் ஓர் ஆண்பிள்ளை இருமினான். கதவுக்கு வெளியே ஒளிந்து நின்றவனின் அடக்கிய இருமல். அவருடைய இருமல்.

டம்ளர் விழுந்தது. தண்ணீர் தரையில் ஓடியது. அவள் உடனே துடைத்தாள்.

மணி அடித்தது.

ஒரே அடியில்லை. விடாமல், பொறுமையில்லாமல், எரிச்சலோடு. அப்படி அடிக்க உலகத்தில் ஒருத்திதான் உண்டு. நொட்டையாருக்கு உயிர் வந்தது.

“திறங்கப்பா” என்றது முதுகுக்குப் பின்னால் குரல். “பாவம், யாரோ நனைஞ்சுக்கிட்டு நிக்கிறாங்க.”

பாய்ந்து திறந்தார். வாலு! சொட்டச் சொட்ட நனைந்த வாலு. சீருடையில் மைக்கறை. ஒரு காலுறை கணுக்காலில் சுருண்டு கிடந்தது. ஷூ நாடா அவிழ்ந்து சேற்றில் இழுபட்டிருந்தது. தாடையில் தழும்பு. முகம் முழுக்கக் கோபம்.

“எவ்ளோ நேரமா பெல் அடிக்கிறேன்! காதே கேக்காதாப்பா உங்களுக்கு?”

அவளை இழுத்து அணைத்துக்கொள்ளக் கையை நீட்டினார். சட்டைப் பையில் கைப்பேசி ஒரு தடவை அதிர்ந்தது. சின்ன அதிர்வு. அவ்வளவுதான்.

நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. எதற்கு நீட்டினோம்?

லிஃப்ட் திறந்தது. மனைவி குடையை உதறிக்கொண்டே வந்தாள். வாசலில் நின்ற பெண்ணைக் கண்டதும் நடை தயங்கியது.

“அடடா, யாரும்மா நீ? இப்படி நனைஞ்சிருக்கியே. எந்த வீட்டுப் பொண்ணு?”

“அம்மா, விளையாடாதம்மா. குளிருது.”

“அம்மாவா?” மனைவி பதறிப்போய் இவரைப் பார்த்தாள். “ஏங்க, யாருங்க இந்தப் பொண்ணு?”

அவருக்குத் தெரியும். நிச்சயம் தெரியும். நாக்கு நுனியில் இருந்தது. ஒரு பெயர். வாலைப் பற்றி ஏதோ. சிக்னல். மழை. எதற்காகவோ அழுதோமே. அந்த முகத்தில் தேடினார். மைக்கறை தெரிந்தது. சுருண்ட காலுறை தெரிந்தது. சேறு தெரிந்தது, தழும்பு தெரிந்தது. ஒன்றுவிடாமல் தெரிந்தது. யாருடைய பிள்ளை என்று மட்டும் தெரியவில்லை.

“தெரியலையே” என்றார்.

உள்ளேயிருந்து மகள் வந்து அம்மாவின் கையிலிருந்த குடையை வாங்கி வைத்தாள். “வாம்மா, ரொம்பக் களைச்சிட்டியா?” என்றாள். மனைவி நெகிழ்ந்துபோய் அவள் தலையைத் தடவிக்கொண்டே உள்ளே போனாள். புதுப் பெயின்ட் வாசனை. சிரிப்புச் சத்தம். நடுவில் ஓர் இருமல்.

வாசலில் நின்ற பெண் கத்தவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள். உதடு கோணியது. சட்டென்று கீழே குனிந்தாள். காலுறையை மேலே இழுத்துவிட்டாள். நாடாவை முடிந்தாள். பாவாடையில் கையைத் துடைத்தாள். மைக்கறையை எச்சில் தொட்டுத் தேய்த்தாள், போகவில்லை, கையால் மறைத்துக்கொண்டாள். ஈர முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, முதுகை நிமிர்த்தி, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

“அப்பா... இப்ப சரியா இருக்கேனாப்பா?”

குரலில் எவ்வளவு பணிவு. நல்ல ஒழுக்கமான பிள்ளை, யார் பெற்றதோ என்று நினைத்துக்கொண்டே நொட்டையார் கதவைச் சாத்தினார்.